ஒரு நாளைக்கு ஒரு நூல்

பையை அந்தக் கட்டிலிலேயே வை. துடைத்துத்தான் போட்டிருக்கிறேன். போன மே மாதம் வரைக்கும் ஜெனிலா படுத்திருந்த கட்டில் அது.

மெஸ்ஸில் உன்னிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்த ரூமா, அங்கே சுடர்க்கொடி இருப்பாளே, பார்த்து இரு, கூட இருந்தவளின் வேலையையே கெடுத்தவள் என்று. சொன்னார்கள்தானே? முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஒரே ஒரு கோரிக்கைதான். தீர்ப்புச் சொல்வதற்கு முன் இரண்டு தரப்பையும் கேட்க வேண்டும், அதுதானே நியாயம்? ஜெனிலா இங்கே இல்லை. அதனால் அவள் தரப்பையும் நானே சொல்லிவிடுகிறேன். ஒரு வார்த்தை கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து பட்டிமன்றம் பேசியவள் நான். இரண்டு பக்கத்துக்கும் பேசிப் பழக்கம் உண்டு.

உட்கார். ஃபேன் அந்தப் பக்கம் வராது. இப்படி வா.

நீ எம்.டெக் முதல் வருஷம், வேறு கல்லூரியிலிருந்து வருகிறாய், அதனால் எங்கள் கப்பல் கட்டுமான டிபார்ட்மென்ட்டின் ஷெட் உனக்குத் தெரியாது. கிரிக்கெட் மைதானத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒரு பழைய பாய்மரப் படகு. இருபத்துநாலு அடி, ஃபைபர், நமக்கெல்லாம் அம்மா வயது. ஏதோ ஒரு கிளப்காரர்கள் தங்களுக்கு வேண்டாம் என்று எங்களுக்குத் தானம் கொடுத்தது. ஜெனிலா ஒரு நாள் அதற்குள் ஏறி, ஸ்க்ரூட்ரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் சத்தம் மாறியது. திருப்பிப் பிடித்துக் குத்தினாள். அல்வாவில் இறங்குவதுபோல் பிடிவரைக்கும் இறங்கியது.

அதுதான் பல்க்ஹெட். படகின் வயிற்றுக்குள் குறுக்கே நிற்கிற பலகைச் சுவர். எங்கள் படகில் பாய்மரம் மேல்தளத்தின்மேல்தான் நிற்கும், அதற்கு நேர் கீழே இந்தப் பலகை. காற்று வாங்கும்போது வருகிற எடை முழுக்க இதன் தலையில்தான். அது உளுத்துப்போனால் மேல்தளம் பள்ளமாகும், பக்கவாட்டு உடம்பு விரியும், கடைசியில் ஒரு நாள் கடலில் வைத்து மரம் சாயும். எங்கள் படகில் மேல்தளம் ஒன்றரை அங்குலம் உள்ளே போயிருந்தது. முப்பது வருஷமாக அமுங்கி அமுங்கிப் போன பள்ளம்.

சௌந்தரபாண்டியன் சார் இதையே எங்கள் இறுதியாண்டு ப்ராஜெக்ட் ஆக்கினார். பலகையை மாற்றி, வலுப்படுத்தி, மரத்தை நிறுத்த வேண்டும். நான்கு பேர் குழு. ஜெனிலா, நான், கோகுல்நாத், அவனுக்கு ஒரு நிழல் மாதிரி இன்னொருத்தன்.

இதில் ஜெனிலாவுக்கு என்ன என்று கேட்பாய். சொல்கிறேன், மறைக்க மாட்டேன். கொச்சியில் ஒரு படகுக் கம்பெனி கேம்பஸுக்கு வந்திருந்தது. டிசைன் ஆபீஸில் ஓர் இடம், ஒரே ஓர் இடம். அதை அவளுக்குக் கொடுத்தார்கள், ஒரு நிபந்தனையோடு. படகின் முக்கியமான ஓர் உறுப்பை முழுமையாக மாற்றிச் செய்து முடித்தாள் என்று துறை கையெழுத்துப் போட்ட சான்றிதழ் மார்ச் முப்பத்தொன்றுக்குள் வர வேண்டும். அவ்வளவுதான். அந்தப் பலகை உள்ளே போய் நின்றால் அவளுக்கு வேலை. நிற்காவிட்டால் இல்லை.

அவள் குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரி. முழுப்பெயர் சகாய ஜெனிலா. அப்பா ஊரில் ஃபைபர் படகு யார்டில் வேலை பார்த்தவர். ஒரு தடவை இவளுக்குக் காய்ச்சல் வந்தபோது நான்தான் கஞ்சி வாங்கி வந்து கொடுத்தேன், இதே ரூமில். அன்றைக்குச் சொன்னாள், அப்பாவுக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, அந்த யார்டுத் தூசியால்தான், யாரிடமும் சொல்லாதே என்று. அவள் ஆசை என்ன தெரியுமா? படகு கட்டுவது இல்லை. படகை ஏ.சி. ரூமில் உட்கார்ந்து வரைவது. "எனக்க வாழ்க்கையில இதுதான் கடைசி கிரைண்டர்" என்பாள், ஃபைபரைத் தேய்க்கிற அந்த மெஷினைக் கையில் எடுக்கும்போதெல்லாம். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

இப்போது என் தரப்புக்கு வருகிறேன்.

அந்த ஷெட்டில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் கிடையாது. ஒன்றுகூட. உள்ளே ஃபைபரை கிரைண்டரால் தேய்த்தால் வருகிற தூசி இருக்கிறதே, அது கண்ணாடித் தூள். தோலில் பட்டால் மூன்று நாள் அரிக்கும். படகின் கேபினுக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. அதற்குள் மண்டியிட்டு, மெல்லிய துணி மாஸ்க் ஒன்றைப் போட்டுக்கொண்டு, நாள் முழுக்க யார் தேய்த்தது? ஜெனிலா. கோகுல்நாத் எங்கே? கம்ப்யூட்டர் லேபில், அழுத்தக் கணக்குப் போடுகிறான். ஏ.சி.யில். நான் ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தினசரிக் குறிப்பு எழுதுவேன். எனக்கு டஸ்ட் அலர்ஜி, மருத்துவச் சான்று இருக்கிறது, காட்டவா? வேண்டாமா, சரி.

ஒரு நாள் சாரிடம் நேராகக் கேட்டேன், ஏன் சார் அவள் மட்டும் என்று. அவர் என்ன சொன்னார் தெரியுமா? ஜெனிலாவுக்கு இதெல்லாம் ரத்தத்திலேயே ஊறினதும்மா என்றார். ரத்தத்திலேயே. ஒரு பேராசிரியர், பல்கலைக்கழக வளாகத்துக்குள் நின்றுகொண்டு. எங்கப்பா ஈரோட்டில் தொழிற்சங்க வக்கீல். இந்த மாதிரி வாக்கியத்தைக் கேட்டால் சும்மா இருக்க எனக்குச் சொல்லித்தரவில்லை. அங்கேயே பிடித்துக்கொண்டேன். முக்கால் மணி நேரம். ஜெனிலா ரெசின் பசை வாளியும் கையுமாகக் கேபினுக்குள்ளிருந்து தலையை நீட்டி, "சுடர், நீ பேசுற சூட்டுல ரெசின் சீக்கிரம் காயுது, அங்கேயே நில்லு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். அவளுடைய அவமானத்துக்காக நான் போராடுகிறேன், அவள் ஜோக் அடிக்கிறாள்.

அப்புறம் தனியாகக் கேட்டேன், உனக்கு ரோஷமே வரவில்லையா என்று. அவர் சொல்லிவிட்டுப் போகட்டும், எனக்கு அவருடைய கையெழுத்து வேண்டும் என்றாள். இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு எப்படி ஒரு சமூகம் முன்னேறும், நீயே சொல்.

வேலை எப்படி நடந்தது என்று சொல்லாவிட்டால் அப்புறம் நடந்தது புரியாது. பள்ளமான மேல்தளத்தை முதலில் பழைய உயரத்துக்குத் தூக்க வேண்டும், அப்புறம்தான் புதுப் பலகை. தூக்குவதற்கு இரண்டு ஹைட்ராலிக் ஜாக்கி, மேலே ஒரு கனமான கட்டை. ஒரேயடியாகத் தூக்கினால் பழைய ஃபைபர் வெடித்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு நூல்தான் உயர்த்த வேண்டும். நூல் என்றால் ஆசாரிகள் கணக்கு, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. தினமும் காலையில் ஏழு மணிக்குப் போய் ஒரு நூல் ஏற்றிவிட்டு, சுற்றிலும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வருவாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறதற்கு முன்னால் ஷெட்டுக்குப் போவாள். ஒன்றரை அங்குலம் ஏறப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. இன்னொன்று, ஜாக்கி வைத்த இடத்தில் அப்படியே நிற்காது. உள்ளே எண்ணெய் கசிந்து கசிந்து இறங்கும். அதனால் பக்கத்தில் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள்.

உயரம் வந்ததும் ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, படகின் உள்வளைவுக்கு அச்சு எடுத்தாள். அதைப் பார்த்துப் பலகையை அறுத்தாள். தடிமனான மரைன் பிளைவுட், தண்ணீர் ஏறாமல் விளிம்பெல்லாம் எப்பாக்ஸி பூசிக் காயவைத்தது. பிப்ரவரி பதின்மூன்றாம் தேதி வியாழக்கிழமை, பலகை நுழைய இடம் வேண்டுமே என்று முட்டுக்கட்டைகளை எல்லாம் எடுத்துவிட்டு, அதை உள்ளே நிறுத்திப் பார்த்தாள். உறைக்குள் கத்தி மாதிரி உட்கார்ந்தது. வெளியே எடுத்துச் சாய்த்து வைத்தாள். இனி ஒட்டி, ஓரமெல்லாம் கண்ணாடி நார்த் துணி போட்டு ரெசின் பூசிக் கட்ட வேண்டும். நாலு நாள் வேலை. அன்றைக்குச் சாயங்காலம் அவள் கேபினிலிருந்து வெளியே வந்து நின்ற கோலத்தை நீ பார்த்திருக்க வேண்டும். தலை, புருவம், கண்ணிமை எல்லாம் வெள்ளை. முழங்கை வரைக்கும் சிவந்து தடித்திருந்தது. நான் ஃபோட்டோ எடுத்தேன். சிரித்தாள், ஃபோட்டோவுக்கு. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்றிரவே புகார் எழுதினேன். பதிவாளருக்கு. நாலு பக்கம். பாதுகாப்பற்ற பணியிடம், சாதிய மனோபாவம், பெண் உழைப்புச் சுரண்டல். ஒளித்து மறைத்து அனுப்பவில்லை, அதைக் குறித்துக்கொள். வெள்ளிக்கிழமை காலையில் அவளை உட்காரவைத்து முழுக்கப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"திங்கக்கிழமைக்குப் பொறவு அனுப்பு மக்கா. முட்டெல்லாம் எடுத்தாச்சு, வெறும் ஜாக்கியில நிக்குது. பலகையை உள்ள ஒட்டிக்கிடுறேன். அப்புறம் நீ யாருக்கு வேணும்னாலும் எழுது, நானே கையெழுத்துப் போடுறேன்."

நாலு நாள். எல்லாரும் நாலு நாள்தான் கேட்பார்கள். நான் அவளுக்கு விளக்கினேன். வேலை முடிந்தபிறகு புகார் கொடுத்தால் என்ன ஆகும்? ஷெட்டைக் கழுவிவிடுவார்கள், ஃபேன் மாட்டிவிடுவார்கள், பளபளவென்று படகு நிற்கும், எல்லாரும் கைதட்டுவார்கள். அநியாயம் நடக்கிற நேரத்தில் பிடிக்க வேண்டும். அவள் டூத்பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வருவதற்குள் நான் அனுப்பிவிட்டேன். நகல், மாணவர் குழுக்கள் எல்லாவற்றுக்கும். ஃபோட்டோவும் சேர்த்து. கீழே ஒரு வரி: 'மீனவ சமுதாயப் பெண் என்பதால் மட்டும்.' அந்த வரியை ஆயிரத்து இருநூறு பேர் பகிர்ந்தார்கள்.

மதியத்துக்குள் ஷெட்டுக்குப் பூட்டு. அரக்கு முத்திரை. விசாரணை முடியும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது. இந்தப் பல்கலைக்கழக வரலாற்றில் ஒரு மாணவியின் மின்னஞ்சலுக்கு நாலு மணி நேரத்தில் நடவடிக்கை எடுத்தது அதுதான் முதல் தடவை. நீ விசாரித்துப் பார்.

அவளுடைய அப்பா அந்தப் படத்தை யாரோ அனுப்பிப் பார்த்தாராம். அவளிடம் கேட்டாராம், அங்கேயும் இதுதான் செய்கிறாயா என்று. இதை அவள் சொல்லவில்லை, ஃபோனில் பேசும்போது நான் கேட்டது.

இனிமேல் சொல்வதைத்தான் மெஸ்ஸில் திரித்துச் சொல்வார்கள். கவனமாகக் கேள்.

பூட்டின மறுநாளே ஜெனிலா பதிவாளரிடம் போனாள். தினமும் காலையில் ஐந்து நிமிஷம் உள்ளே விட்டால் போதும், ஜாக்கியை ஏற்றிவிட்டு வந்துவிடுகிறேன், முட்டுக்கட்டை வைக்க விட்டால் அந்த ஒரு நாளே போதும் என்று. அவர் என்ன செய்தார்? அழகாக என் பக்கம் தள்ளிவிட்டார். புகார்தாரருக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுத்தில் வந்தால் அனுமதிக்கலாம் என்று குறிப்பு எழுதிக் கொடுத்தார். அவள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு இங்கே வந்தாள். நான் தலை துவட்டிக்கொண்டிருந்தேன்.

வாட்ச்மேன் கூடவே நிற்பார், வேறு எதையும் தொடமாட்டேன் என்றாள். நான் அவளுக்கு சாட்சியம் என்றால் என்ன என்று ஆரம்பத்திலிருந்து விளக்கினேன். சம்பவ இடம் எப்படிப் பூட்டப்பட்டதோ அப்படியே திறக்கப்பட வேண்டும். ஒருத்தரை உள்ளே விட்டால் நாளைக்கு சாரும் விடு என்பார். ஒரு ஃபேனை மாட்ட அவருக்கு ஐந்து நிமிஷம் போதாதா? அரை மணி நேரம் பொறுமையாகச் சொன்னேன். அவளும் பொறுமையாகக் கேட்டாள். எல்லாம் கேட்டுவிட்டு, "பேசி முடிச்சிட்டியா? இப்போ கையெழுத்துப் போடு" என்றாள்.

போடவில்லை.

மூன்று தடவை வந்தாள். மூன்றாவது தடவை உட்காரக்கூட இல்லை, அதோ அந்தக் கதவருகிலேயே நின்றாள். "நான் என்ன செய்யணும்னு சொல்லு சுடர். நீ என்ன சொன்னாலும் செய்யுதேன்" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இந்தக் கெஞ்சலைத்தான், இந்தக் கூழைக்கும்பிடைத்தான் நான் எதிர்க்கிறேன் என்று அவளிடமே சொன்னேன். ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் வந்து இப்படி நிற்கக்கூடாது என்றேன். அவள் தாளை நாலாக மடித்துக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் கேட்கவில்லை. காலை ஏழு மணிக்கு எழுந்து போவது மட்டும் நிற்கவில்லை. எங்கே போகிறாள் என்று ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். ஷெட்டின் பக்கவாட்டு ஜன்னலில் இரண்டு செங்கல் போட்டு ஏறி, கண்ணாடியில் கையை வைத்து நிழல் கட்டி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை நூல் இறங்கியிருக்கிறது என்று கண்ணாலேயே அளந்தாளாம். ஒரு நோட்டில் தேதிவாரியாகக் குறித்தும் வைத்திருந்தாள். விசாரணைக்கு அந்த நோட்டைக் கேட்டேன், தரவில்லை.

விசாரணைக் குழு கூடுவதற்கு நாலு வாரம் ஆயிற்று. ஒருவர் வெளியூர், ஒருவருக்குப் பேத்தி காதுகுத்து. இந்தத் தாமதத்தையும் நான் கண்டித்து எழுதினேன், அது கோப்பில் இருக்கிறது.

மார்ச் பதினான்காம் தேதி. ஐந்து பேர், நீள மேசை, சமோசா. சார் ஒரு பக்கம் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜெனிலாவைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, நானே கேட்டு வாங்கிய வேலை என்றாள். அவ்வளவுதான், என் நாலு பக்கமும் அந்த ஒரு வரியில் காலி. விட்டுவிட முடியுமா? சாட்சியை நான் சில கேள்விகள் கேட்கலாமா என்று அனுமதி வாங்கினேன்.

உங்கள் அப்பா என்ன வேலை என்று கேட்டேன். ஃபைபர் யார்டு என்றாள்.

"இப்பவும் போறாரா?"

என்னைப் பார்த்தாள். நான் கேட்கமாட்டேன் என்று நினைத்திருப்பாள் போல.

"இப்போ போவல்ல."

"ஏன்?"

மேசைமேல் இருந்த சமோசாத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழுத் தலைவர், பரவாயில்லை மெதுவாகச் சொல்லும்மா என்றார்.

"மூச்சு முட்டும்."

"அவரை யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

நான் காத்திருந்தேன். பட்டிமன்றத்தில் முதலில் கற்றுக்கொடுப்பது அதுதான், அமைதியை நீ உடைக்காதே, எதிராளி உடைக்கட்டும். அவள் உடைக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணிலிருந்து வழிவதைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் குழுவைப் பார்த்துச் சொன்னேன், பாருங்கள், இதுதான் பழகிப்போன அடிமைத்தனம், இரண்டு தலைமுறையாக உள்ளே போன தூசி இது, இவள் வாயால் இது வராது, அதனால்தான் இவளுக்காக நான் பேச வேண்டியிருக்கிறது என்று. ஐந்து பேரில் ஒரு மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்பா விஷயம் யாரிடமும் சொல்லாதே என்றாளே, ஏன் சொன்னாய் என்று கேட்கிறாயா? நீ கேட்கவில்லை, ஆனால் நினைக்கிறாய். உண்மை என்பது ஒருத்தரின் தனிச்சொத்து இல்லை. அது வெளியே வந்தால்தான் பத்துப் பேருக்குப் பயன்படும்.

ஜெயித்தோம். காற்றோட்டம் இல்லை என்று குழுவே எழுத்தில் ஒப்புக்கொண்டது. சாருக்கு எச்சரிக்கைக் கடிதம். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, புதுப் பாதுகாப்பு விதிகள் வரும்வரை மாணவிகள் ஷெட்டுக்குள் வேலை செய்யக்கூடாது என்று உத்தரவு. அந்தக் கடைசி வரியில் எனக்கு உடன்பாடு இல்லை. மாணவர்கள் போகலாமாம், மாணவிகள் கூடாதாம். அதை எதிர்த்து வேறொரு மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.

அன்று மதியமே ஷெட்டைத் திறந்தார்கள். ஜெனிலா ஓடவில்லை, நடந்துதான் போனாள். இரண்டு ஜாக்கியும் தரையோடு உட்கார்ந்திருந்தன. மேல்தளம் பழையபடி ஒன்றரை அங்குலம் கீழே, பக்கங்கள் விரிந்து. அவள் அறுத்து வைத்திருந்த பலகையை எடுத்து உள்ளே நிறுத்தப் பார்த்தாள். நுழையவில்லை. உயரம் கூடுதல். பலகையில் தப்பில்லை, படகுதான் மாறிப்போயிருந்தது.

பதினேழு நாள் மிச்சம். ஏற்றப் பன்னிரண்டு நாள், ஒட்டிக் காய நாலு நாள், மரத்தை நிறுத்தி, தட்டிச் சரிபார்க்க மூன்று நாள். இரண்டு நாள் இடித்தது. இரண்டே இரண்டு நாள். தினமும் ஒரு நூலுக்குப் பதில் இரண்டு நூல் ஏற்றிவிடுகிறேன் என்றாள். சார் தயங்கினார், ஆனால் அவர் இப்போது எதற்கும் வாய் திறக்கிற நிலையில் இல்லை. வாசலில் உட்கார்ந்து நான் குறிப்பெழுதினேன். இந்தத் தடவை அவளுக்கு நல்ல மாஸ்க் இருந்தது, என் புகாரின் பயன், அதையும் குறித்தேன்.

ஐந்தாவது நாள் காலையில் ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. அப்பளம் உடைகிற மாதிரி. மேல்தளமும் பக்கச்சுவரும் சேர்கிற இடத்தில், ஒரு முழ நீளத்துக்கு விரிசல். ஜெனிலா ஜாக்கியின் கைப்பிடியைக் கழற்றித் துடைத்து, அதற்குரிய ஆணியில் மாட்டினாள். வெளியே வந்தாள். "இன்னைக்கு என்ன தேதி?" என்று கேட்டாள். பத்தொன்பது என்றேன். சரி என்றாள்.

அந்த விரிசலை அறுத்துக் கட்டிச் சரிபண்ணவே ஒரு மாதம் ஆகும். மார்ச் முப்பத்தொன்று வந்தது, போனது. சார் கையெழுத்துப் போடவில்லை. முடியாத வேலைக்கு முடிந்தது என்று எழுதினால் சுடர்க்கொடி அடுத்த புகார் எழுதுவாள் என்றாராம். எழுதியிருப்பேன், அதிலென்ன சந்தேகம்? கொச்சி இடம் கோகுல்நாத்துக்குப் போயிற்று. அவன் கணக்கு மட்டும் தனியாக முழுமையாக இருந்ததாம், அது போதுமாம். பார்த்தாயா? நான் முதல் நாளிலிருந்து சொன்னது இதைத்தானே? ஒருத்தி தேய்க்கிறாள், ஒருத்தன் போகிறான். என் வாதத்துக்கு இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்?

ஜெனிலாவுக்கு ப்ராஜெக்ட் அரியர். திரும்பச் செய்யலாம் என்றால் ஷெட்டுக்குள் மாணவிகள் போகக்கூடாது. எனக்கு அந்தப் பிரச்சினை வரவில்லை. என் புகாரையும் குறிப்புகளையும் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு என்று தனி ப்ராஜெக்டாகவே ஏற்றுக்கொண்டார்கள். இப்போது எம்.டெக்கும் அதிலேதான்.

மே மாதம் அவள் சாமான் கட்டினாள். நான் உதவிக்குப் போனேன், வேண்டாம் என்றாள். நான் உனக்காகத்தான் எல்லாம் செய்தேன், அதிலே ஒரு வரியாவது பொய் என்று சொல், இப்போதே மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். அவள் ஒரு சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்.

"நீ சொன்னதுல ஒண்ணுகூடப் பொய் இல்ல மக்கா. அதனாலதான் எனக்கு என்ன பதில் சொல்லணும்னு தெரியல்ல."

கேட்டாயா? அவள் வாயாலேயே ஒத்துக்கொண்டாள். இதை மெஸ்ஸில் ஒருத்தியும் சொல்லமாட்டாள்.

இப்போது எங்கே இருக்கிறாள் என்று விசாரித்தேன். ஊரிலேதான். அப்பா வேலை பார்த்த அதே யார்டு. அவரால் முடியாமல் போனதால், அவர் இடத்தில் இவளைச் சேர்த்துக்கொண்டார்களாம். பெண்ணை உள்ளே எடுக்கமாட்டேன் என்றிருந்த முதலாளி, அப்பாவின் முகத்துக்காக இரக்கப்பட்டு எடுத்தாராம். கிரைண்டர் வேலை. அந்த வீட்டில் இப்போது அவள் சம்பாத்தியம் மட்டும்தான். அப்பாவுக்குப் பதில் மகள், இதற்குப் பெயர் கொத்தடிமை முறை இல்லாமல் வேறென்ன? அங்கே ஃபேன் கிடையாது, கையுறை கிடையாது, பெண்களுக்குக் கழிப்பறைகூடக் கிடையாது. எனக்கு நன்றாகத் தெரியும், அங்கே வேலை பார்க்கிற ஒருத்தனைப் பிடித்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன்.

போன வாரம் ஃபோன் பண்ணினேன். எடுத்தாள். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம். நலமா என்றேன், நலம் என்றாள். அந்த யார்டைப் பற்றி மெதுவாக ஆரம்பித்தேன். பின்னால் மெஷின் நின்றுவிட்டது. அப்புறம், "இங்க வராத சுடர். இத விட்டா எனக்கு வேற இல்ல" என்றாள். குரலே மாறிப்போயிருந்தது. பயம். முதலாளியிடம் அவ்வளவு பயம்.

அதனால்தான் இந்தச் சனிக்கிழமை கிளம்புகிறேன். நாகர்கோவில் ரயில். தொழிற்சாலை ஆய்வாளரின் அலுவலகத்தில் மனு கொடுத்தாயிற்று, அவர் நேராக யார்டுக்கு வருகிறேன் என்றிருக்கிறார். இரண்டு பத்திரிகைக்காரர்களும் வருகிறார்கள். நீயும் வருகிறாயா? ஒரு டிக்கெட் காலியாக இருக்கிறது, வந்தால் உனக்கும் நேரில் பார்த்தமாதிரி இருக்கும்.

ஜெனிலாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள்.